திறந்த மனம்: செவுளைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம்

“கொஞ்சம் ஓபன் மைண்டா இருப்பா.” இதை நான் அண்மையில் கேட்டது ஒரு கல்யாணப் பேச்சில். பையன் வீட்டார் சீர் கேட்டார்கள், பெண்ணின் அண்ணன் முடியாது என்றான், நடுவில் இருந்த தரகர் அவனைப் பார்த்து அப்படிச் சொன்னார். நாங்கள் கேட்பதற்குத் தலையாட்டு என்பதுதான் அங்கே அதற்குப் பொருள். அடுத்த வாரமே இன்னொரு அம்மா தன் மகனைப் பற்றிக் கவலையோடு, “யார் என்ன சொன்னாலும் நம்பிடறான் சார், ரொம்ப ஓபன் மைண்ட்” என்றார். அங்கே அது ஏமாளித்தனம். வேறு சிலர் “எனக்கு யாரைப் பற்றியும் எந்த அபிப்பிராயமும் கிடையாது, எனக்குத் திறந்த மனசு” என்று பெருமையாகச் சொல்கிறார்கள்.

மூன்று பேரும் ஒரே சொல்லைச் சொல்கிறார்கள், மூன்று பேரும் வேறு எதையோ குறிக்கிறார்கள். வட சென்னையில், தண்டையார்பேட்டையில் மாலை நேர டியூஷன் நடத்துகிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருநாள் இதைப் பற்றிக் கேட்டபோது என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. யோசித்து, படித்து, அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். உளவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மீன் வாங்கியிருந்தால் போதும்.

காசிமேட்டில் அத்தை மீன் வாங்கும் விதம்

என் அத்தை நாற்பது வருஷமாகக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் வாங்குகிறாள். மீனைப் பற்றி அவளுக்கு இல்லாத அபிப்பிராயம் இல்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடைக்காலம். அந்த நாட்களில் பெரிய வஞ்சிரம் கண்ணில் பட்டால், பத்தடி தள்ளி நின்றே “ஐஸ்ல கெடந்த மீனு” என்று சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு அப்படியே திரும்பிப் போகமாட்டாள். கூடைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, கட்டைவிரலால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். சிவப்பாக இருக்கிறதா, பழுப்பேறிவிட்டதா? வயிற்றை ஒரு அழுத்து அழுத்துவாள். பள்ளம் மேலெழும்பி வருகிறதா, அப்படியே நிற்கிறதா?

“இன்னாக்கா, என் மேல நம்பிக்கை இல்லியா?” என்பார் வாடிக்கையாக விற்பவர்.

“உன்ன நம்பறேன்டா. மீன பாக்கறேன்.”

இந்தப் பதிலில் எல்லாமே இருக்கிறது என்று நினைக்கிறேன். அத்தையின் மனம் காலியாக இல்லை, நாற்பது வருஷ அனுபவம் அதில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அந்த அனுபவம் சொல்வதை அவள் முடிவாக எடுத்துக்கொள்வதில்லை, ஒரு சந்தேகமாக எடுத்துக்கொண்டு கை வைத்துப் பார்க்கிறாள். பார்த்தது நினைத்ததற்கு மாறாக இருந்தால் நினைத்ததை விட்டுவிடுகிறாள். தடைக்காலத்தில் அவள் வஞ்சிரம் வாங்கி வந்த நாட்களும் உண்டு. பழகிய கூடையைத் தொட்டுவிட்டு வாங்காமல் எழுந்த நாட்களும் உண்டு.

இதுதான் திறந்த மனம். அபிப்பிராயம் இல்லாமல் இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எல்லாவற்றுக்கும் சரி சொல்வதும் இதில் சேராது, அத்தை கெட்ட மீனை யாருடைய மனசுக்காகவும் வாங்கமாட்டாள். எண்ணம் இருக்கலாம், அதைச் சோதிக்க வேண்டும், சோதனை சொல்வதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் மீனிடம் இவ்வளவு நிதானமாக நடந்துகொள்ளும் நாம் மனிதர்களிடம் செவுளைத் தூக்கிப் பார்ப்பதே இல்லை. என் அத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு பானைச் சோறும் ஒரு பேட்டை ஆட்களும்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். சோற்றுக்கு அது நூற்றுக்கு நூறு சரி. ஏன் சரி என்று யோசித்துப் பாருங்கள். ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு, ஒரே நேரம். எல்லாப் பருக்கைக்கும் ஒரே கதி. அதனால்தான் ஒன்றை நசுக்கிப் பார்த்து மற்றதைச் சொல்லிவிட முடிகிறது.

மனிதர்கள் ஒரே பானையில் வேகவில்லை. வியாசர்பாடியில் ஒரே தெருவில், ஒரே வீட்டில், ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு பேர்கூட ஒரே பதத்தில் இருப்பதில்லை. ஆனால் மனத்துக்கு இந்தச் சோற்றுக் கணக்கு மிகவும் பிடித்திருக்கிறது. காரணம், அதற்கு வேலை குறைகிறது.

இதற்கு உளவியலில் வகைப்படுத்தல் என்று பெயர். ஒரு பொருளையோ ஆளையோ பார்த்ததும், ஏற்கெனவே தெரிந்த ஒரு கூட்டத்தோடு சேர்த்துவிட்டு, அந்தக் கூட்டத்தைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் அவர்மேல் ஏற்றிவிடுவது. இது கெட்ட குணம் என்று நினைத்துவிடாதீர்கள். இது இல்லாமல் எண்ணூர் நெடுஞ்சாலையைக் கடக்க முடியாது. எதிரே வரும் கன்டெய்னர் லாரியின் ஓட்டுநர் எப்படிப்பட்டவர், பிரேக் நன்றாக இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்துக்கொண்டா நிற்கிறோம்? லாரி என்றதும் ஒதுங்குகிறோம். மனம் இப்படிக் குறுக்கு வழியில் போவதால்தான் உயிரோடு இருக்கிறோம்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், லாரிக்குச் செய்ததையே மனிதருக்கும் செய்யும்போது. ஆளைச் சோதிக்கும் முன்பே கூட்டத்தை வைத்து ஆளைப் பற்றி எடுத்துவிடும் தீர்ப்புக்கு முன்முடிவு என்று பெயர். வெளியார் ரவுடிகள் பகுதி என்று முத்திரை குத்திய வட சென்னையில், ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, புளியந்தோப்பு என்று முகவரி சொல்லி வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். “எந்த ஏரியா?” என்று கேட்பார்கள். “வியாசர்பாடி” என்றதும் எதிரில் இருப்பவர் அரை நொடி பேசாமல் இருப்பார். அந்த அரை நொடி எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். என்னிடம் படித்த ஒரு பையன் முதல் வேலைக்கு விண்ணப்பித்தபோது, தன் முகவரியை விட்டுவிட்டு வசதியான அண்ணா நகரில் இருக்கும் சித்தி வீட்டு முகவரியை எழுதினான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனுக்கே தோன்றியிருக்கிறது. அன்றைக்கு நான் ரொம்ப நேரம் தூங்கவில்லை.

அவன் பயந்தது வீணான பயம் இல்லை. அமெரிக்காவில் பணியாற்றும் பொருளியலாளர்கள் மரியன் பெர்ட்ரண்டும், தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட செந்தில் முல்லைநாதனும் 2004-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 5,000 போலி விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதியில் வித்தியாசம் இல்லாதபடி பார்த்துக்கொண்டு, பெயரையும் முகவரியையும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். வெள்ளையர் பெயர் போலத் தெரிந்த விண்ணப்பங்களுக்கு, கறுப்பினத்தவர் பெயர் போலத் தெரிந்தவற்றைவிடச் சுமார் 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. வசதியான பகுதி முகவரி இருந்தவற்றுக்கும் அழைப்பு கூடியது. சுக்தேவ் தோரட், பால் அட்வெல் இருவரும் நம் நாட்டு நாளிதழ் விளம்பரங்களை வைத்து இதே முறையில் செய்த ஆய்வு 2007-இல் வந்தது. சமமான தகுதி இருந்தும், உயர்சாதிப் பெயர்களைவிடத் தலித் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் அழைப்பு குறைவாகவே வந்தது.

விண்ணப்பத்தைப் பார்த்த அத்தனை பேரும் கெட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். “நான் யாரையும் ஒதுக்குவதில்லை” என்று மனமாரச் சொல்லக்கூடியவர்களும் அதில் இருந்திருப்பார்கள். செவுளைத் தூக்கிப் பார்க்காமலே கூடையைத் தாண்டிப் போனதுதான் அங்கே நடந்தது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: மனம் ஆட்களைக் கூட்டமாகக் கட்டிவைப்பது இயல்பு. அந்தக் கட்டை அவிழ்த்துப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்வது முன்முடிவு. நல்லவர்களுக்கும் அது வரும்.

2, 4, 6

சரி, முன்முடிவு தப்பாக இருந்தால் அனுபவமே அதைத் திருத்திவிடாதா? நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பினேன். நாலு பேரிடம் பழகினால் தானே தெரிந்துவிடும் என்று. அப்படி நடப்பதில்லை. ஏன் நடப்பதில்லை என்பதைக் காட்ட டியூஷனில் ஒரு விளையாட்டு வைத்தேன். நீங்களும் வீட்டில் வைத்துப் பார்க்கலாம்.

பலகையில் 2, 4, 6 என்று எழுதினேன். “இந்த மூன்று எண்ணும் என் மனசில் இருக்கிற ஒரு விதிக்கு உட்பட்டவை. அது என்ன விதி என்று கண்டுபிடியுங்கள். நீங்கள் எந்த மூன்று எண் சொன்னாலும், விதிக்கு உட்பட்டதா இல்லையா என்று சொல்கிறேன். நிச்சயமானதும் விதியைச் சொல்லுங்கள்.”

“8, 10, 12!” ஆமாம். “20, 22, 24!” ஆமாம். “100, 102, 104!” ஆமாம். நாலைந்து பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். “ரெண்டு ரெண்டா கூடுது சார்!” இல்லை, அது விதியில்லை என்றேன். முகமெல்லாம் வாடிப்போயிற்று. திரும்பவும் 30, 32, 34 என்று ஆரம்பித்தான் ஒருவன். ஏற்கெனவே தப்பு என்று சொன்ன விதிக்கே இன்னொரு சாட்சி தேடுகிறான்!

கடைசி வரிசையில், அதிகம் பேசாத ஒரு பெண் “6, 4, 2” என்றாள். இல்லை என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “1, 2, 50?” ஆமாம். “அப்போ ஏறிக்கிட்டே போனா போதும்.” அதுதான் விதி. ஏறுவரிசையில் எந்த மூன்று எண்ணும்.

லண்டனில் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960-இல் வெளியிட்ட சோதனை இது. அவர் சோதித்த 29 பேரில் 6 பேர்தான் முதல் முறையிலேயே சரியான விதியைச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு அறிவு போதவில்லை என்று நினைத்துவிடக்கூடாது. தங்கள் எண்ணத்துக்கு “ஆமாம்” கிடைக்கிற கேள்விகளையே அவர்கள் கேட்டார்கள், அதுதான் காரணம். இந்தப் பழக்கத்துக்கு உறுதிப்படுத்தும் சாய்வு என்று பெயர்: ஏற்கெனவே நம்புவதற்குச் சாதகமானதையே தேடி, அதையே பார்த்து, அதையே நினைவில் வைப்பது. அந்தப் பெண் வேண்டுமென்றே “இல்லை” வரக்கூடிய கேள்வியைக் கேட்டாள். அந்த ஒரு இல்லையில் கிடைத்தது, முந்தைய பத்து ஆமாம்களில் கிடைக்கவில்லை.

இதை மனிதர்மேல் வைத்துப் பாருங்கள். “அந்த ஏரியா பசங்க ரவுடிங்க” என்று ஒருவர் நம்புகிறார். செய்தியில் அடிதடி வரும்போதெல்லாம் ஊர்ப் பெயரைக் கவனிக்கிறார். ஆமாம். பேருந்தில் இரண்டு பையன்கள் சத்தம் போட்டால் எங்கே இறங்குகிறார்கள் என்று பார்க்கிறார். ஆமாம். அதே பேருந்தில் மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு வந்த ஏழு பையன்கள் எந்த நிறுத்தத்தில் இறங்கினார்கள் என்று அவர் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவும் இல்லை. இருபது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன் என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த இருபது வருஷமும் 8, 10, 12 என்றே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

வயதும் அனுபவமும் தாமாகவே மனத்தைத் திறந்துவிடும் என்ற நம்பிக்கையை நான் கைவிட்டது இதைப் புரிந்துகொண்ட பிறகுதான்.

முன்முடிவு தன்னைத் தானே மெய்யாக்கிக்கொள்வது

இதற்குத் துணையாக இன்னொரு பழக்கமும் இருக்கிறது. மழை நாளில் நான் டியூஷனுக்கு அரை மணி தாமதமாக வந்தால், கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கியிருந்தது என்பேன். அதே மழையில் பையன் தாமதமாக வந்தால், பொறுப்பில்லாதவன் என்று நினைப்பேன். என் தவறுக்குச் சூழ்நிலை காரணம், அவன் தவறுக்கு அவன் குணம் காரணம். பிறர் செயலுக்குச் சூழ்நிலையை மறந்து குணத்தையே காரணமாக்கும் இந்தத் தவறை ‘அடிப்படைக் காரணப் பிழை’ என்பார்கள். லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977-இல் இந்தப் பெயரை வைத்தார். தனி ஆள்மேல் வரும்போதே இது அநியாயம். ஒரு பேட்டை முழுவதின்மேல் வரும்போது இன்னும் மோசம். குறுகலான வீடு, விளையாட மைதானம் இல்லை, அதனால் பையன்கள் தெருமுனையில் நிற்கிறார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு வீட்டின் அளவு தெரியாது. தெருமுனையில் நிற்கும் பையன்தான் தெரிவான்.

அப்புறம் நடப்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. “இவன் இப்படித்தான்” என்று எதிர்பார்த்துக் கடுகடுப்பாகப் பேசினால், அவனும் கடுகடுப்பாகவே பதில் சொல்வான். “பாத்தியா, நான் சொன்னேன்ல?” சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948-இல் இதற்குத் தானே நிறைவேறும் கணிப்பு என்று பெயர் வைத்தார். தவறான ஒரு எதிர்பார்ப்பு, நம் நடத்தையை மாற்றி, அதன் வழியாக எதிரிலிருப்பவரின் நடத்தையை மாற்றி, கடைசியில் உண்மைபோல ஆகிவிடுவது. நல்ல திசையிலும் இது வேலை செய்யும் என்பதை ஆசிரியர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எங்கள் பக்கத்துத் தெருக்களில் ஒரு குண்டு பல்பின் கீழே கேரம் போர்டைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளை “வெட்டிப் பசங்க” என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர். வியாசர்பாடியின் இளவழகி 2008-இல் உலகக் கேரம் சாம்பியன் ஆனார். புது வண்ணாரப்பேட்டையில் வளர்ந்த, ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். இதை எழுதும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்லத் தோன்றுகிறது. உலகக் கோப்பை வாங்கினால்தான் ஒரு பேட்டைக்கு மரியாதை என்று ஆகிவிடக்கூடாது. தங்கம் வாங்காத, சும்மா விளையாடிவிட்டு வீட்டுக்குப் போகும் பிள்ளைக்கும் செவுளைத் தூக்கிப் பார்க்கிற நியாயம் உண்டு.

சுருக்கமாக: மூடிய மனம் சும்மா மூடிக் கிடப்பதில்லை. சாதகமான சாட்சியை மட்டும் சேர்க்கிறது, சூழ்நிலையை மறக்கிறது, எதிராளியையும் தன் எதிர்பார்ப்புக்கு ஏற்ப நடக்க வைக்கிறது. அதனால்தான் உள்ளே இருப்பவருக்குத் தன் மனம் மூடியிருப்பதே தெரிவதில்லை.

நாங்களும்தான்

வட சென்னைக்காரனாக இதையெல்லாம் எழுதுவது எனக்குச் சுலபம். முத்திரை குத்தப்பட்டவன் நான். ஆனால் இத்தோடு நிறுத்தினால் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன்.

எங்கள் தெருவில், பக்கத்து வீட்டு மாடியை ஒடிசாவிலிருந்து வந்த நான்கு இளைஞர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். கட்டட வேலை. முதல் இரண்டு மாதம் நான் அவர்களை எண்ணியதே “அந்த நாலு பேர்” என்றுதான். எதிரில் வந்தால் பேசமாட்டார்கள், சிரிக்கமாட்டார்கள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறார்கள் என்று வீட்டில் சொன்னேன். இரவில் வாசல் கதவுக்குக் கூடுதலாக ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன். அதற்கு முன் அந்தத் தெருவில் அந்தப் பூட்டு தேவைப்பட்டதில்லை. அவர்கள் வந்த பிறகும் எதுவும் நடந்திருக்கவில்லை. “வியாசர்பாடி” என்றதும் வரும் அந்த அரை நொடி மௌனத்தை வெறுத்தவன், அதையே நான்கு பேருக்குத் தினமும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் இப்படி? ஹென்றி டாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளி மாணவர்களை வைத்துச் செய்த சோதனையை 1970-இல் வெளியிட்டார். திரையில் காட்டிய புள்ளிகளின் எண்ணிக்கையை ஊகிக்கச் சொன்னார். கூடுதலாக ஊகித்தவர்கள் ஒரு குழு, குறைவாக ஊகித்தவர்கள் ஒரு குழு என்று சொல்லிப் பிரித்தார். உண்மையில் அந்தப் பிரிவுக்கு எந்த அடிப்படையும் இல்லை. தன் குழுவில் யார் யார் என்றுகூட மாணவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் பணத்தைப் பங்கிடச் சொன்னபோது பெரும்பாலோர் தங்கள் குழுவுக்குச் சாதகமாகவே பங்கிட்டார்கள். புள்ளி எண்ணியதற்கே இப்படியென்றால், மொழியும் சாப்பாடும் ஊரும் வேறாக இருந்தால் கேட்க வேண்டுமா?

இத்தனைக்கும் வந்தவர்களால் ஆனதுதான் எங்கள் பகுதி. 1960-களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிய தமிழர்களில் பலர் வியாசர்பாடிப் பக்கம் குடியேறினார்கள். பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரில் கடை வைத்தார்கள். அவர்கள் கொண்டுவந்த அத்தோ நூடுல்ஸை இன்று வாழைத்தண்டு சூப்போடு வண்டிக்கடையில் நின்று சாப்பிடும் நாம், அடுத்து வந்தவர்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

தண்ணீர் லாரி

மனம் திறப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். “நல்லவனாக இரு” என்ற உபதேசம் இதில் அதிகம் வேலை செய்யாது. எனக்கு வேலை செய்தது தண்ணீர் லாரி.

2019 கோடை நினைவிருக்கும். புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு போயிருந்தன. எங்கள் தெருவில் குழாய் நின்றுபோய், மெட்ரோ வாட்டர் லாரி வந்தால்தான் தண்ணீர். முதல் சில நாள் அடிதடி. அப்புறம் தெருவில் எல்லோரும் மதிக்கும் ஒரு அக்கா, நோட்டுப் புத்தகம் போட்டு டோக்கன் எழுத ஆரம்பித்தார். ஒரு வீட்டுக்கு இத்தனை குடம், மாடி வீடானாலும் சரி, சொந்த வீடானாலும் சரி. லாரி வந்ததும் ஹோஸைப் பிடிக்க ஒருவர், குடத்தை நகர்த்த ஒருவர், எண்ண ஒருவர். நான் எண்ணும் வேலையில் இருந்தேன். அந்த நால்வரில் இரண்டு பேர் ஹோஸ் பிடிக்க வந்தார்கள்.

பத்து நாளில் “அந்த நாலு பேர்” காணாமல் போனார்கள். ஒருவன் இரவு ஷிப்ட். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருபவன் காலையில் யாரைப் பார்த்துச் சிரிப்பான்? இன்னொருவன் தமிழ் தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற பயத்தில் வாயே திறக்காதவன். எண்ணுவதை என்னிடம் கற்றுக்கொண்டு, “பதினேழு அண்ணா, பதினெட்டு அண்ணா” என்று சத்தமாக எண்ணுவான். மூன்றாமவன் நன்றாகச் சமைப்பான். நான்காமவனோடு எனக்கு இன்றுவரை ஒத்துப்போகவில்லை. குடித்துவிட்டுப் பாட்டிலை எங்கள் வீட்டுக் கால்வாயில் போடுவான், இரண்டு முறை சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் அது அவனோடு போட்ட சண்டை. ஒடிசாவோடு போட்ட சண்டை இல்லை.

நான் திறந்த மனம் என்று சொல்வது இந்த இடத்தைத்தான். நான்கு பேரையும் பிடித்துப் போயிருந்தால் அதுவும் ஒருவகைச் சோற்றுப் பதமாகத்தான் இருந்திருக்கும்.

இதற்கும் ஒரு பெயர் இருக்கிறது, தொடர்புக் கருதுகோள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கோர்டன் ஆல்போர்ட் 1954-இல் இதை முன்வைத்தார். இரு கூட்டத்தார் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் மட்டும் முன்முடிவு குறையாது. அந்த இடத்தில் இருவரும் சமமாக இருக்க வேண்டும், ஒரே நோக்கம் வேண்டும், அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், எல்லோரும் மதிக்கும் ஒரு அதிகாரமோ வழக்கமோ அதை ஆதரிக்க வேண்டும். அப்படிப்பட்ட தொடர்பே மனத்தை மாற்றும் என்றார். படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. ஒரே அளவு குடம், ஒரே லாரி, கை மாற்றிக் கை ஹோஸ், அக்காவின் நோட்டு! பின்னாளில் தாமஸ் பெட்டிக்ரூ, லிண்டா ட்ராப் இருவரும் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2006-இல் எழுதினார்கள். தொடர்பு பொதுவாக முன்முடிவைக் குறைக்கிறது, நான்கும் சேர்ந்திருந்தால் இன்னும் நன்றாகக் குறைக்கிறது என்பது அவர்கள் கண்டது.

இவை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் மண்ணிலேயே கசப்பான பாடம் இருக்கிறது. பெரம்பூர்ப் பக்கத்து பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களிடையே 1918-இல் உருவானது சென்னைத் தொழிலாளர் சங்கம், நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம். எல்லாச் சாதியாரும் ஒரே கூரையின் கீழ் தறி ஓட்டினார்கள். 1921 வேலைநிறுத்தத்தில், வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் வேலைநிறுத்தத்தில் நின்ற மற்றவர்களும் இரு பக்கமானார்கள். புளியந்தோப்பில் மோதல், தீவைப்பு, துப்பாக்கிச் சூடு என்று முடிந்தது. தினமும் ஒரே ஆலையில் வேலை பார்த்தவர்கள்தான். ஆனால் ஆலைக்கு வெளியே சமத்துவம் இல்லை, நெருக்கடி வந்தபோது நோக்கமும் இரண்டாகப் பிரிந்தது. கும்மிடிப்பூண்டி ரயிலில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு தினமும் போகிறோம், ஆனாலும் யாரும் யாரையும் தெரிந்துகொள்வதில்லை என்பதும் இதே சங்கதிதான், சின்ன அளவில்.

எதற்குத் திறக்க வேண்டியதில்லை

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். கட்டுரையின் தொடக்கத்தில் வந்த தரகரை நினைத்துக்கொள்ளுங்கள். சீர் கேட்பதற்கு “ஓபன் மைண்ட்” கேட்டவர் அவர். சாதி பார்ப்பது, வரதட்சிணை வாங்குவது, ஒருவரைக் கீழே உட்கார வைப்பது, இவற்றுக்கெல்லாம் “இன்னொரு பக்கத்தையும் கேளுங்களேன்” என்று வருபவர்கள் உண்டு. எதிரில் இருப்பவர் எனக்குச் சமமான மனிதரா என்பது சோதித்துப் பார்க்கும் விஷயம் இல்லை. அதை ஒப்புக்கொண்ட பிறகுதான் சோதனையே ஆரம்பிக்கிறது. செவுளைத் தூக்கிப் பார்த்து, அழுகியிருந்தால் கூடையில் திருப்பிப் போடுவதும் திறந்த மனத்தின் வேலைதான்.

இன்னொன்று. முத்திரை குத்தப்பட்டவரிடமே போய் “நீ நல்லவன் என்று காட்டு, மனசை மாற்றிக்கொள்கிறேன்” என்று கேட்கக்கூடாது. சித்தி வீட்டு முகவரியை எழுதிய பையன் எதையும் நிரூபிக்கக் கடமைப்பட்டவன் இல்லை. கட்டைவிரல் வைக்க வேண்டியவர் விண்ணப்பத்தைக் கையில் வைத்திருப்பவர்.

பழக்கமாக்கிக்கொள்ள ஒரே ஒரு கேள்வி போதும் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். ஒருவரைப் பற்றி நிச்சயமாகத் தோன்றும்போது, “நான் நினைப்பது தப்பாக இருந்தால் எதைப் பார்க்க வேண்டியிருக்கும்?” என்று கேட்டுவிட்டு, அதைப் போய்ப் பார்ப்பது. 6, 4, 2 சொன்ன பெண் செய்தது அதுதான்.

இரண்டு வாரத்துக்கு முன் எதிர்வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் குடிவந்திருக்கிறது. தெற்கே அடையாறு பக்கமிருந்து வந்திருக்கிறார்கள். கார் பெரியது, ஜன்னல் எப்போதும் சாத்தியிருக்கிறது. சாமான் இறக்கிய அன்றைக்கே அவர்களைப் பற்றி என் மனம் ஒரு வரி எழுதிவிட்டது. நம்மைப் பிடிக்காதவர்கள் என்று. அந்த அம்மா நேற்று மாலை வாசலில் நின்று, காசிமேட்டுக்கு எந்த நேரத்தில் போனால் நல்ல மீன் கிடைக்கும் என்று அத்தையிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கூட்டிப்போவதாக அத்தை சொல்லியிருக்கிறாள். நானும் கூடப் போகிறேன்.